மாப்பிள்ளையைத் தாங்கிய ஞாயிறு

ஒரு பொருளைத் தூக்குவதற்கு முன்னால் அளவுக்காரர் வெறுங்கையோடு அந்த வழியில் நடந்து பார்ப்பார். ஒரு தடவை இல்லை, பத்து தடவை. எங்கே படி, எங்கே வாசற்கால் குறுகுகிறது, எந்த இடத்தில் தரைக்கல் லேசாக மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது, எந்த மூலையில் திரும்பும்போது பின்னால் வருகிறவனின் முழங்கை சுவரில் இடிக்கும், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இடுப்பில் தொங்கும் அளவுநாடாவை இழுத்து இன்னொரு தடவையும் அளந்துவிட்டுத்தான், "சரி, கை வைங்க" என்பார்.

அருங்காட்சியகத்தில் பொருள்களை இடம் மாற்றும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். அவருக்குக் கீழே நாலு பேர். நாலு பேரும் அவருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே வைத்த பெயர்தான் அளவுக்காரர். பிறகு அது முன்னாலேயே கூப்பிடும் பெயராகிவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் அவர் கை பட்ட ஒரு பொருளில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பெருமையடித்துக்கொண்டதும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் கடைசியில் வீட்டுக்கு வந்து கைகால் கழுவும்போது மனைவியிடம், "இந்த வருஷமும் ஒண்ணும் ஆகலை" என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் மனைவி தான் வேலை செய்யும் பேக்கரியிலிருந்து அன்றைக்கு முழு கேக் ஒன்று வாங்கி வைத்திருப்பாள்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் காப்பாட்சியர் ஒரு செவ்வாய்க்கிழமை தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார்.

"இந்த ஆறு பேரும் அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில நம்ம நடுக்கூடத்துல ஆடணுமாம். டைரக்டருக்கு ரொம்ப ஆசை. யார் எங்க நிப்பாங்க, எந்தப் பக்கம் போவாங்கன்னு ஒரு படம் போட்டுக் குடுங்கன்னு கேட்டேன். 'அப்படி எதுவும் கிடையாது, அங்க வந்து நிக்கும்போது உடம்புக்கு என்ன தோணுதோ அதான் ஆட்டம்'னு எழுதியிருக்காங்க. படிச்சதும் எனக்குத் தலை சுத்திப் போச்சு. அந்தக் கூடத்தோட ஒவ்வொரு அங்குலமும் உங்களுக்குத்தான் தெரியும். விடலாமா வேண்டாமான்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. அதுக்குக் கீழதான் நான் கையெழுத்துப் போடுவேன்."

அளவுக்காரர் கடிதத்தின் அடியிலிருந்த ஆறு பெயர்களைப் படித்தார். மூன்றாவது பெயர் அவருடைய தங்கச்சியின் பெயர். "பாத்துச் சொல்றேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அன்றைக்கு நல்ல மழை. மழை பிடித்து ஆறு நாளாகியிருந்தது. சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை, அதுதான் அவர்கள் வீடு. கொடியெல்லாம் உள்ளே கட்டியாகிவிட்டது. குனிந்து, ஈரச் சட்டைகளுக்கும் பாவாடைகளுக்கும் நடுவில் தலையை நுழைத்துத்தான் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகவேண்டும். அவர் மனைவி அடுப்பில் உருளைக்கிழங்கை வேகவைத்துக்கொண்டிருந்தாள். பேக்கரியில் அதிகாலை வேலை அவளுக்கு. ரொட்டி பொட்டலம் கட்டிக் கட்டி அவள் சமையலறையில் எதை எடுத்து வைத்தாலும் பொட்டலம் கட்டுகிற வேகத்தில்தான் எடுத்து வைப்பாள்.

தங்கச்சி கட்டிலில் உட்கார்ந்து விரலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்தில் விடுதிகளின் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. நீராவி பட்டு இரண்டு விரல் எப்போதும் சிவந்திருக்கும். அவளுக்கு முப்பத்தொரு வயசு. பதினாலு வயசில் இந்த வீட்டுக்கு வந்தாள், அம்மா இறந்த பிறகு. அன்றிலிருந்து இன்றுவரை வீட்டில் அவள் பெயர் வாலு.

வாரத்தில் நாலு சாயங்காலம் அவள் டயர் கிடங்குக்கு மேலேயிருக்கும் ஒரு நீளமான அறைக்குப் போவாள். அங்கே ஆறு பேர் ஆடுவார்கள். அளவுக்காரர் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறார். பாட்டு கிடையாது. ஆறு பேரும் பத்து நிமிஷம் தரையில் அப்படியே படுத்துக்கிடந்தார்கள். கரண்ட் போய்விட்டதால் நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அவர் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அதுதான் ஆட்டம் என்று பிறகுதான் தெரிந்தது. அதை நினைத்து அவர் மனைவி இன்னமும் வாய்விட்டுச் சிரிப்பாள்.

அவர் கடிதத்தை எடுத்துத் தங்கச்சியின் மடியில் போட்டார்.

"எங்க இடத்துல ஆடப்போறேன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா நீ வேண்டாம்பே. அதான் சொல்லலை."

"வேண்டாம்னு இப்பவும் எழுதலாம். என்கிட்டதான் கேட்டிருக்காங்க."

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்ன கேட்டிருக்காங்க?"

அவர் சொன்னார். கரண்டியைக் கையில் பிடித்தபடியே அவள் வந்து நின்றாள்.

"எழுதிக் குடுத்துடுங்க வேண்டாம்னு. இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? நாளைக்கு ஒரு பானை உடைஞ்சா யார் தலைல விழும்? ஆடுனவங்க தலைலயா? கையெழுத்துப் போட்டவர் தலைல."

"அண்ணி, நாங்க எதையும் உடைக்க மாட்டோம்."

"நீ உடைக்க மாட்டேடி. உனக்கு என்ன பண்ணப்போறோம்னே தெரியாதுன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கியே. என்ன பண்ணப்போறோம்னு தெரியாதவ என்ன பண்ண மாட்டோம்னு மட்டும் எப்படித் தெரிஞ்சு வச்சிருக்கே?"

அளவுக்காரருக்கு மனைவி கேட்டது ரொம்ப நியாயமாகப்பட்டது. வாலு மருந்துக் குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்.

"வேண்டாம்னு எழுதறதா இருந்தா எழுது அண்ணா. ஆனா பாத்துட்டு எழுது. நீ எதையும் அளக்காம முடிவு பண்ண மாட்டியே. என்னை மட்டும் ஏன் அளக்காமலே முடிவு பண்றே?"

உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும் பேக்கரி ரொட்டியும் வைத்து மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கொடியிலிருந்து ஒரு சட்டையின் கை அவர் தோளில் சொட்டிக்கொண்டே இருந்தது. நகர்ந்து உட்காரவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அன்றைக்கு ஆறு பேரையும் வரச்சொல்லியிருந்தார். நடுக்கூடம் பெரியது. மேலே கண்ணாடிக் கூரை. மழை பெய்தால் ஊருக்கே கேட்காத சத்தம் அங்கே கேட்கும். இடது பக்கம் தொள்ளாயிரம் கிலோ எடையுள்ள கல் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் தாழ்வான மேடையில் முப்பத்தொரு மண் ஜாடிகள் ஒரே வரிசையில். சுவர் மெலிதான ஜாடிகள், ஒன்று சாய்ந்தால் வரிசையே போய்விடும். வலது சுவரோரம் ஏழடி உயர மர மனிதன், ஒரு கையை முன்னால் நீட்டியபடி. யாரோ கையைப் பிடித்து அழைத்துப்போக வருவார்கள் என்று காத்திருக்கிறவன் மாதிரி நிற்பதால் அளவுக்காரரின் ஆட்கள் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். எண்பத்துநாலு கிலோ. குதிகாலில் இரண்டு மரமுளைகள் பீடத்தின் துளைகளில் இறங்கியிருக்கும். அந்த இரண்டு முளைகள்தான் அவனுக்குப் பிடிப்பு. முந்நூறு வருஷத்து மரத்தில் புதிதாகத் துளை போட்டு இரும்பு வைக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு.

தங்கச்சி, மொட்டைத்தலை ஆள் ஒருவர், இன்னும் நாலு பேர். காலணியைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடத்துக்குள் வந்தார்கள். மொட்டைத்தலைக்காரர்தான் அந்தக் குழுவை நடத்துகிறவர். பகலில் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

"எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?" என்று அளவுக்காரர் கேட்டார்.

"தெரியலை சார்."

"எங்க முடிப்பீங்க?"

"அதுவும் தெரியாது சார்" என்று அவர் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார்.

அளவுக்காரரின் ஆட்களில் மூத்தவன் தாடி. அவன் அவர் காதோரம் வந்து, "அண்ணே, இவங்களுக்கு லாரி ஓட்டக் குடுத்தா என்ன ஆகும்?" என்றான்.

ஆரம்பித்தார்கள். முதலில் வெறுமனே நடந்தார்கள். பிறகு ஒருத்தி நின்றாள், நின்றதனாலேயே மற்றவர்களின் நடை மாறியது. ஒருவர் சரிந்தார், சரிந்தவரை இன்னொருவர் தோளில் வாங்கினார். வாலு தரையில் உருண்டு ஜாடி மேடையின் ஓரத்தோடே போனாள். அளவுக்காரர் ஒரு எட்டு முன்னால் வைத்தார். அளவுநாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேடைக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் ஒரு சாண். அடுத்த உருளலில் நாலு விரற்கடை. மேடை முடிகிற இடத்தில் அவள் அப்படியே திரும்பினாள். தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஆனால் திரும்பினாள்.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டார். அவர் கத்தியது கண்ணாடிக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

வாலு எழுந்து வந்தாள். மூச்சு வாங்கியது. முழங்கையில் தூசி.

"இப்ப பட்டிருந்தா?" என்றார்.

"படலையே."

"பாக்காம உருண்டே."

"கண்ணால பாக்கலை. அவ்வளவுதான்." அவள் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். "அண்ணா, நாலு வருஷம் முன்னாடி, லாரிலருந்து கல் தலை இறக்கும்போது சக்கரம் உடைஞ்சுதுன்னு வந்து சொன்னியே. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா? இதே மாதிரி மழை. நானூறு கிலோ கல். இறங்குபலகையில் பாதி வழியில் தள்ளுவண்டியின் முன்சக்கரம் பிய்ந்துவிட்டது. கல் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. அடுத்த நொடி தாடி கட்டையைக் கொடுத்திருந்தான், ஒருவன் கயிற்றைத் தோளில் சுற்றியிருந்தான், அளவுக்காரர் தன் தொடையைப் பலகைக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்தார். கல் நின்றது.

"அப்ப நீங்க அஞ்சு பேரும் பேசிக்கிட்டீங்களா? நீ இங்க வா, நீ அங்க போன்னு யாராவது சொன்னீங்களா?"

"அதுக்கு ஏது நேரம்?"

"நாங்க செய்யறது அதான் அண்ணா. அந்த ஒரு நொடியைத்தான் நாங்க வாரத்துல நாலு நாள் உக்காந்து பழகறோம். உங்களுக்கு அது நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வரும். எங்களுக்கு அது மட்டும்தான் வேலை."

தாடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் தாடியைச் சொறிந்துகொண்டு, "நான் அன்னிக்கு எப்படிக் கட்டையைக் குடுத்தேன்னு எனக்கே இன்னிவரைக்கும் தெரியாதுண்ணே" என்றான்.

அளவுக்காரர் மறுபடியும் ஆடச்சொன்னார். இந்தத் தடவை ஒன்றரை மணி நேரம். நாடாவை இழுத்துக்கொண்டே பின்னால் நடந்தார். எத்தனை தடவை ஜாடி மேடைக்குப் பக்கத்தில் போனார்கள், எத்தனை தடவை மாப்பிள்ளையின் கைக்குக் கீழே போனார்கள் என்று குறித்துக்கொண்டார். ஆடுகிறவர்கள் ஒரு தடவை கூடத் தொடவில்லை. தொட்டது அவர்தான். நாடாவின் முனையைக் கவனிக்காமல் பின்வாங்கி, கல் பெண்ணின் பீடத்தில் இடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் காப்பாட்சியரின் மேஜையில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். 'அனுமதிக்கலாம். பொருள்களின் பாதுகாப்புக்கு நான் பொறுப்பு.' கொடுத்துவிட்டு, நின்றபடியே சொன்னார். "மேடம், இதுல மூணாவது பேர் என் தங்கச்சி. சொல்லாம எழுதிக் குடுத்தா தப்பாயிடும்."

காப்பாட்சியர் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "தங்கச்சிங்கறதால எழுதுனீங்களா?"

"தங்கச்சிங்கறதால வேண்டாம்னு எழுதத்தான் போனேன் மேடம்."

"ஏதாவது ஆச்சுன்னா உங்க பத்தொன்பது வருஷமும் போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

வீட்டில் மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பேசவேண்டியதை எல்லாம் பாத்திரங்கள் பேசின. சனிக்கிழமை சாயங்காலம் அவள் தன் நல்ல சேலையை எடுத்து வாலுவின் முன்னால் வைத்து, "இதுக்கு இஸ்திரி போட்டுக் குடு. நாளைக்கு நானும் வர்றேன். எங்க பேக்கரிக்காரியும் வர்றா. உடைஞ்சா கண்ணால பாத்துட்டு அழறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. கண்ணாடிக் கூரை வழியாகக் கூடம் முழுக்க வெயில் இறங்கியது. பதினோரு மணிக்குள் இருநூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். உட்காரும் இடம் கிடையாது. வந்தவர்கள் பொருள்களுக்கு நடுவில் அங்கங்கே நின்று பார்க்கவேண்டும், ஆடுகிறவர்கள் அவர்களுக்கு நடுவிலேயே ஆடுவார்கள். ஒவ்வொரு பொருளையும் சுற்றி ஒரு கை தூரத்தில் தரையில் வெள்ளை நாடா ஒட்டியிருந்தார் அளவுக்காரர். ஜாடிகளுக்கு இரண்டு கை தூரம். தாடியும் மற்ற மூன்று பேரும் கூடத்தை ஒட்டியிருந்த பொருள் கிடங்கின் வாசலில். அவர் மட்டும் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றார். அந்த இரண்டு முளைகள்தான் காலையிலிருந்து அவர் மனசில் குத்திக்கொண்டிருந்தன.

அரைமணி நேரம் எல்லாம் நல்லபடியாகவே போனது. மூக்கு உறிஞ்சுகிற சத்தம்கூடக் கேட்கிற அமைதி. வாலு கல் பெண்ணுக்கு எதிரே அதே மாதிரி உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்ததுதான். ஆனால் இத்தனை வருஷம் எடையை மட்டுமே பார்த்துவந்த அந்தக் கல் பெண்ணின் முகம் களைத்துப்போன முகம் என்பது அளவுக்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தவளின் முகம். அவர் மனைவி பேக்கரியிலிருந்து வந்து உட்காருகிற மாதிரி.

அந்த நேரம் பார்த்துத்தான், போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் பின்னால் பின்னால் நகர்ந்து வெள்ளை நாடாவைத் தாண்டினார். தோளில் பெரிய பை. பையின் வார் மாப்பிள்ளையின் நீட்டிய கையில் மாட்டியது. அவருக்குத் தெரியவில்லை. ஒரு ஆட்டக்காரி பக்கத்தில் வரவும் வழிவிடுவதற்காக முன்னால் நகர்ந்தார்.

'டக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

அந்தச் சத்தம் அளவுக்காரருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். ஒரு முளை முறிந்துவிட்டது. மாப்பிள்ளை முன்பக்கமாகச் சாய்ந்தான். இரண்டு எட்டில் போய், ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை இடுப்பிலும் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். எண்பத்துநாலு கிலோ உள்ளங்கையில் இறங்கியது. நிமிர்த்தலாமென்று பார்த்தால் மற்ற முளை முனகியது. நிமிர்த்தினால் அதுவும் போகும், காலோடு பிளக்கும். விடவும் முடியாது. பையின் வார் இன்னும் மாட்டியபடி இருந்தது. அந்த மனிதர் இன்னொரு எட்டு வைத்தால் அவ்வளவுதான். கத்தினால் இருநூறு பேரும் திடுக்கிட்டுப் பின்னால் நகர்வார்கள். பின்னால் முப்பத்தொரு ஜாடி.

அவர் வாயைத் திறக்கவில்லை. தங்கச்சியைப் பார்த்தார்.

அவள் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தாள். ஆனால் அவள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஓடவில்லை. சுழன்றுகொண்டே வந்தாள், ஒவ்வொரு சுழலுக்கும் ஒருவரைத் தாண்டி. அந்த மனிதரின் எதிரே வந்து நின்று அவர் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள். அவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் பையின் கனத்தைத் தன் முழங்கையில் ஏந்திக்கொண்டு, வாரை அவர் தோளிலிருந்து உருவி, சிவந்த அந்த இரண்டு விரலால் மாப்பிள்ளையின் மரவிரல்களுக்கு மேலே தூக்கி, ஒரு நூல் இடைவெளியில் கழற்றினாள். மரத்தில் அவள் விரல் படவில்லை. பிறகு பையைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு கல் பெண்ணின் பக்கம் போனாள். பையைத் தேடி அந்த மனிதர் பின்னால் போனார். கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே கூட்டமும் அந்தப் பக்கம் திரும்பி நகர்ந்தது. ஜாடிகளைச் சுற்றி இடம் காலியானது. காலியான இடத்தில் மொட்டைத்தலைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வந்து, முதுகை ஜாடிகளுக்குக் காட்டி, கைகளை விரித்து நின்றார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

அளவுக்காரர் இடுப்பிலிருந்த கையின் மூன்று விரலை மட்டும் விரித்தார். தாடிக்கு அது போதும். மெத்தை வைத்த மரத்தொட்டில் வேண்டும் என்று அர்த்தம். ஆனால் தொட்டில் கிடங்கின் உள்கோடியில், மற்ற பெட்டிகளுக்குப் பின்னால். அதை எடுத்துக்கொண்டு வரும்வரை நிற்கவேண்டும்.

நின்றார். நிமிஷம் போனது. தோளிலிருந்து நடுக்கம் ஆரம்பித்து முழங்காலுக்கு வந்தது. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கக் கை இல்லை. எதிரே கூட்டத்தில் அவர் மனைவி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண் கொட்டாமல் அவரையே பார்த்தபடி நின்றாள்.

அப்போது முதுகில் ஒரு சூடு. வாலு வந்து தன் முதுகை அவர் முதுகோடு ஒட்டிக் காலைத் தரையில் ஊன்றியிருந்தாள். அவர் உடம்பின் பாதிக் கனத்தை அவள் வாங்கிக்கொண்டாள்.

"மூச்சை விடு அண்ணா" என்றாள், உதடு அசையாமல். "பிடிச்சு வச்சிருக்கே."

மூச்சை விட்டார். நடுக்கம் குறைந்தது. எத்தனை நேரம் அப்படி நின்றார்களோ, அவருக்குத் தெரியாது. பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள், அந்த ஆட்டத்தில் அவர்கள் மூச்சுவிட மறந்தது அப்போதுதான் என்று.

கிடங்கு வாசலில் தாடியும் மூன்று பேரும் தொட்டிலோடு வந்துவிட்டார்கள். நாலு தடியான ஆட்கள் ஒரு பெரிய மரச்சட்டத்தோடு கூட்டத்துக்குள் நுழைந்தால் எல்லோரும் கலைவார்கள். தாடி தயங்கி நின்றான். வாலு அண்ணனின் முதுகை விட்டு மெல்ல விலகி, அவர்கள் முன்னால் போய் நின்று, நடக்க ஆரம்பித்தாள்.

அது அளவுக்காரரின் நடை. முழங்கால் கொஞ்சம் மடங்கி, குதிகால் முதலில் இறங்கி, பாதம் முழுக்கப் பதிந்த பிறகே அடுத்த எட்டு. கனத்தோடு நடக்கிறவன் நடை. இத்தனை வருஷம் எப்போது பார்த்தாள், எங்கே வைத்திருந்தாள் என்று அவருக்குப் புரியவில்லை. மாடிப்படியில் அவர் அரிசிமூட்டை தூக்கிக்கொண்டு ஏறும்போது பார்த்திருப்பாளோ என்னவோ. மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருவராக அதே நடையில் சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. ஆறு பேருக்கு நடுவில் தாடியும் மூன்று பேரும் தொட்டிலோடு நடந்து வந்தார்கள். அவர்களும் அப்படித்தானே நடப்பார்கள். யார் ஆடுகிறவர், யார் வேலைக்காரர் என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

தாடி தொட்டிலைக் கீழே நுழைத்தான். இருவர் தோளைப் பிடித்தார்கள். "வரட்டும்" என்று அளவுக்காரர் முணுமுணுத்தார். மாப்பிள்ளை மெல்ல, ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக, மெத்தையில் இறங்கிப் படுத்தான். ஒரு சிராய்ப்பு இல்லை. பதினோரு பேரும் தொட்டிலைச் சூழ்ந்து, அதே நடையில், கிடங்கு வாசலுக்குள் போனார்கள். வெளியே கைதட்டல் கூரையைப் பிளந்தது. உள்ளே தாடி தரையில் உட்கார்ந்து அழுதான். மொட்டைத்தலைக்காரர் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

கொஞ்சநேரம் கழித்து அளவுக்காரரின் மனைவி கிடங்கு வாசலுக்கே வந்துவிட்டாள், பேக்கரித் தோழியையும் இழுத்துக்கொண்டு.

"நீங்களும் ஆடறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை பாத்தீங்களா! ரெண்டு நாளா உங்ககூடப் பேசாம இருந்தேனே. அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க." தோழியிடம் திரும்பினாள். "எவ்வளவு நேரம் அசையாம நின்னார் பாத்தியா? வீட்டுல ஒரு பல்ப் மாட்டச் சொன்னா ஸ்டூல் மேல ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டார்."

அளவுக்காரர் கையுறையைக் கழற்றினார். உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. நடந்ததைச் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். தோழியின் முன்னால் அந்த முகத்தில் இருந்த மிடுக்கைப் பார்த்தார். "பல்ப் நாளைக்கு மாட்டறேன்" என்று மட்டும் சொன்னார்.

காப்பாட்சியர் மேல்மாடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அவருக்குச் சொல்லவேண்டியதில்லை. பதிவேட்டைத் தானே எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். அருங்காட்சியகத்தில் ஒரு பொருள் ஒரு அடி நகர்ந்தாலும் அதில் எழுதவேண்டும். எது, எங்கிருந்து, எங்கே, தூக்கியவர்கள் யார். தூக்கியவர் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடவேண்டும்.

"ஒரு முளை போச்சு. தச்சர் வந்து பாக்கட்டும். அதுக்கு நான் எழுதிக்கறேன். அந்த முளையை மாத்தணும்னு மூணு வருஷமா கேட்டுக்கிட்டிருந்தது நீங்கதான்" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "கூடத்துலருந்து இங்க வரைக்கும் அந்த அம்பது அடியை எந்த வழியா வந்தீங்கன்னு நாளைக்கு எனக்கு ஒரு படம் போட்டுக் குடுங்க. எனக்காக" என்றார்.

"படம் கிடையாது மேடம்" என்றார் அளவுக்காரர்.

காப்பாட்சியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அளவுக்காரர் பதிவேட்டை வாங்கி, ஒரு பெட்டியின் மேல் வைத்து, குனிந்து எழுதினார். முதலில் தாடியின் பெயர். பிறகு மற்ற மூன்று பேர். தன் பெயர். பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த வரியில் தங்கச்சியின் பெயரை முழுதாக, முதலெழுத்தோடு எழுதினார். அதற்குக் கீழே மொட்டைத்தலைக்காரர், மற்ற நாலு பேர். தூக்கியவர்கள் என்ற பத்தி அந்தப் பக்கத்தின் அடிவரை போனது.

காப்பாட்சியர் எட்டிப் பார்த்தார். "இவங்க யாரும் அதைத் தொடவே இல்லையே."

"தொடலை மேடம். ஆனா தூக்குனாங்க."

காப்பாட்சியர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை அவரிடமே கொடுத்தார்.

ஆறு பேரும் வரிசையாக வந்தார்கள், வேர்வையோடு, வெறுங்காலோடு. எதற்குக் கையெழுத்து என்று புரியாமலே ஒவ்வொருவராகப் போட்டார்கள். வாலு கடைசியில் வந்தாள். பத்தியின் தலைப்பைப் படித்தாள். தன் பெயரைப் படித்தாள். அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"போடு" என்றார் அவர். "அந்த ஓரத்துல. மத்தவங்க பேர் மேல படாம."

நீராவி சுட்ட விரலால் பேனாவைப் பிடித்து, கொஞ்சம் நேரமெடுத்து, அவள் கையெழுத்துப் போட்டாள். மை காயும்வரை அவர் பதிவேட்டை மூடாமல் வைத்திருந்தார்.